அஞ்சு நிமிஷம் ஓடிய தண்ணீர்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், நகரக் குடிநீர் வாரியத்தின் தண்ணீர் தொடர்ந்து பத்தொன்பதாவது ஆண்டாகவும் மாசு மருவற்ற தண்ணீர் என்று சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டுவிட்டது. அதில் கிருமி இல்லை, காரீயம் இல்லை, பாதரசம் இல்லை, ஆர்சனிக் இல்லை. "இருப்பது தண்ணீர் மட்டுமே" என்று வாரியத்தின் இயக்குநர் மேடையில் முழங்கியபோது பலர் கைதட்டினார்கள். எங்கள் தெருவில் அதுவும் இல்லையே என்று பின்வரிசையில் சிலர் முணுமுணுத்தது வரலாற்றில் பதிவாகவில்லை. முழங்கியதில் தொண்டை வறண்டுபோன இயக்குநர், முன்னால் இருந்த பாட்டிலைத் திருகித் திறந்து இரண்டு மடக்கு குடித்தார். அது கடையில் வாங்கிய பாட்டில்.

இந்த மாபெரும் சாதனையின் முதுகெலும்பு, மேடையின் இடது ஓரத்தில் பூந்தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. அதற்கு நாற்பத்தாறு வயது. வாரியத்தில் மாதிரி சேகரிப்பவர் என்று பதவி. வீடு வீடாகப் போய்க் குழாயில் தண்ணீர் பிடித்துப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுவந்து கொடுப்பது வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. ஊர் முழுக்க அவருக்கு அஞ்சு நிமிஷம் என்றுதான் பெயர்.

காரணப் பெயர்தான். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் நேரே சமையலறைக்குப் போவார். குழாய் வாயில் இருக்கும் சின்ன வலையைத் திருகிக் கழற்றுவார். குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, இடது கையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பார். தண்ணீர் ஐந்து நிமிடம் ஓட வேண்டும். நாலே முக்கால் கூடாது. அதற்குப் பிறகுதான் பாட்டிலைத் திறப்பார், மூடியைக் கீழே வைக்காமல் சுண்டுவிரலில் இடுக்கிக்கொண்டே பிடிப்பார், மூடுவார், சீட்டு எழுதி ஒட்டிக் கையெழுத்துப் போடுவார். அந்த ஐந்து நிமிடத்தில் வீட்டுக்காரர்கள் அவரிடம் சொல்லாத சமாசாரம் கிடையாது. எந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் பேச்சுவார்த்தை இல்லை, எந்த மாப்பிள்ளை வேலையை விட்டதை இன்னும் வீட்டில் சொல்லவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீரோடு தண்ணீராக வந்து சேர்ந்துவிடும். "உங்களுக்கு வாய்ச்ச வேலைய பாருங்கண்ணே, தண்ணி ஓடறத வேடிக்க பாக்கறதுக்குச் சம்பளம்" என்று ஒரு வீட்டில் சொன்னார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தண்ணீர் ஓடுவதைத் தன் அளவுக்குக் கவனமாக வேடிக்கை பார்க்க இந்த ஊரில் ஆள் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

வாரியத்தின் ஊழியர் குடியிருப்பில், மூன்றாவது மாடியில் அவர் வீடு. வாரியம் பிறந்த வருஷமே பிறந்த கட்டடம். சுண்ணாம்பு நான்கு முறை மாறியது. குழாய் ஒரு முறையும் மாறவில்லை. வேலையில் ஐந்து நிமிடம் தண்ணீரை ஓடவிடும் மனிதர் வீட்டில் ஒரு சொட்டு சிந்தினால் பொறுக்கமாட்டார். பாத்திரம் கழுவும்போது மனைவி குழாயை மூட மறந்தால், மூடி இல்லாத சாக்கடையைப் பார்த்தவர் மாதிரிப் பதறுவார். வேலைக்கு விசுவாசம் வீட்டிலும் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

இன்னொரு கொள்கையும் உண்டு. காலை ஆறு மணிக்கு வீட்டில் முதல் ஆளாக எழுந்து, குழாயைத் திறந்து, வந்த முதல் தண்ணீரை ஒரு டம்ளர் பிடித்து, தூக்கக் கலக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகளின் வாயில் வைப்பார். வெறும் வயிற்றில் தண்ணீர் குடித்தால் ஆயிரம் நோய் அண்டாது என்று எங்கேயோ படித்திருந்தார். "குடி பாப்பா, நம்ம டிபார்ட்மென்ட் தண்ணி" என்பார். பாப்பா கண்ணைத் திறக்காமலே குடித்துவிடுவாள். பால் மறந்த நாளிலிருந்து ஒருநாள் தவறியதில்லை.

நான்கு வயதில் அந்தப் பெண் வாய் மூடாது. ஏன் நாற்காலிக்கு முழங்கால் இல்லை, தாத்தா செத்துப்போனபோது அவருடைய பல்செட் எங்கே போனது என்று கேட்டு ஆளைக் கொன்றுவிடும். ஐந்தில் கேள்விகள் குறைந்தன. வளர்கிறாள், அடக்கம் வந்துவிட்டது என்று அப்பா பெருமைப்பட்டார். ஆறில் அடிக்கடி வயிறு வலித்தது. சாப்பாடு பிடிக்கவில்லை. கதையைப் பாதியில் நிறுத்தினால் முன்பாதி மறந்துபோனது. ஒன்றாம் வகுப்பு டீச்சர் நோட்டில் எழுதி அனுப்பினார்: கவனம் இல்லை, சொன்னது மனதில் நிற்பதில்லை, வீட்டில் கவனிக்கவும்.

வீட்டில் கவனித்தார்கள். அதாவது, யார் குடும்பத்திலிருந்து இது வந்தது என்று ஒரு வாரம் ஆராய்ந்தார்கள். அவருடைய பெரியப்பா மூன்று முறை பத்தாவது எழுதியதை மனைவி நினைவூட்டினாள். மனைவியின் தம்பி இயக்குநர் அலுவலகத்தில் இத்தனை வருஷமாக வேலை பார்ப்பதே தன் கட்சிக்குப் போதுமான ஆதாரம் என்று அவர் சொன்னார். சண்டை ஓய்ந்த பிறகு டாக்டரிடம் போனார்கள்.

டாக்டரம்மா அதிகம் பேசாதவர். பாப்பாவின் கண் இமையை இழுத்துப் பார்த்தார், ஈறைப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். ஒரு வாரம் கழித்துக் காகிதத்தை நீட்டினார். ரத்தத்தில் காரீயம். இருபத்தெட்டு. அஞ்சு நிமிஷத்துக்கு இருபத்தெட்டு நல்ல மார்க்கா கெட்ட மார்க்கா என்று தெரியவில்லை. மூன்றரையைத் தாண்டினாலே நாங்கள் யோசிப்போம் என்றார் டாக்டரம்மா. அது குழந்தைகளின் மூளையைத்தான் முதலில் பிடிக்கும். எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்துவதுதான் முதல் வைத்தியம் என்றார். பழைய பெயின்ட், மலிவு பொம்மை, பாத்திரப் பூச்சு என்று கேட்டுக்கொண்டே வந்தவர், தண்ணீர் எப்படி என்று கேட்டார்.

அஞ்சு நிமிஷத்துக்கு அந்த இடத்திலும் லேசாகச் சிரிப்பு வந்தது. "தண்ணிக்குச் சர்டிபிகேட் குடுக்கறதே நான்தாங்க" என்றார்.

அந்த வாரம் வீடு இரண்டுபட்டது. ஜன்னல் பெயின்டைச் சுரண்டி எடுத்தார். பொம்மைகளை மூட்டை கட்டினார். பாப்பா ஒரு மஞ்சள் வாத்தை மட்டும் விடாமல் கட்டிக்கொண்டு அழுதாள், அதையும் பிடுங்கினார். மனைவியின் அம்மா வீட்டுச் சீர் என்று வந்த பாத்திரங்கள் அத்தனையும் பரணுக்குப் போயின. இதற்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தீர்களா என்று மனைவி கேட்டாள். உடம்பில் சேர்ந்துவிட்ட விஷத்தை அலசி வெளியே தள்ள வேண்டுமே என்று தானாகவே ஒரு வைத்தியமும் கண்டுபிடித்தார். காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளருக்குப் பதிலாக இரண்டு.

மூன்று மாதம் கழித்து எண் முப்பத்து நான்கு.

டாக்டரம்மா காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, காலையில் எழுந்ததிலிருந்து பாப்பா என்னென்ன வாயில் வைக்கிறாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். அவர் முதல் வரியைச் சொன்னதும் கையை உயர்த்தினார்.

"ராத்திரி பூரா குழாய்க்குள்ள நின்ன தண்ணி. அத அப்படியே பிடிச்சுக் குடுக்கறீங்களா?"

"ஆமாங்க. ஒரு சொட்டு வீணாக்க மாட்டேன்."

"டெஸ்டுக்கு எப்படிங்க எடுக்கறீங்க?"

"அஞ்சு நிமிஷம் நல்லா திறந்து விட்டுட்டு."

டாக்டரம்மா காகிதத்தை ஓரமாகத் தள்ளினார். "அப்ப பத்தொன்பது வருஷமா நீங்க கழுவி வச்ச தட்டப் பாத்துட்டு, சாப்பாடு எப்படி இருந்துச்சுன்னு எழுதிட்டு இருக்கீங்க."

பழைய குழாய், பழைய பற்றவைப்பு. அதில் இரவெல்லாம் நிற்கும் தண்ணீரில் காரீயம் இறங்கும். ஐந்து நிமிடம் ஓடவிட்டால் அது அத்தனையும் கழுவு தொட்டி வழியே சாக்கடைக்குப் போய்விடும். பிறகு வருவது தெருவில் இருக்கும் பெரிய குழாயின் புதுத் தண்ணீர். இதை விளக்க டாக்டரம்மாவுக்கு ஒன்றரை நிமிடம்தான் ஆயிற்று.

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தன் வீட்டுச் சமையலறையில், அஞ்சு நிமிஷம் தன் வேலையில் முதல் தடவையாக ஒரு குழாயை ஓடவிடாமல் தண்ணீர் பிடித்தார். ஏதோ திருடுகிற மாதிரி இருந்தது. பரிசோதனைக் கூடத்து மேடத்திடம் பாட்டிலைக் கொடுத்து, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். மேடம் பார்த்தார். இயந்திரம் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி பார்த்தார். காரீயம், அனுமதித்த அளவைப் போல ஒன்பது மடங்கு.

இந்த அம்மாவும் தப்பு செய்தவர் இல்லை. பாட்டில் வரும், பார்ப்பார், எழுதுவார். அது எப்படிப் பிடித்த தண்ணீர் என்று அவர் கேட்டதில்லை. எதற்காகப் பார்க்கிறார்கள் என்று இவரும் கேட்டதில்லை. இருவரும் அன்றுதான் அலமாரியிலிருந்து வாரியத்தின் விதிப்புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினார்கள். ஐந்து நிமிடம் ஓடவிட வேண்டும் என்ற விதி கிருமிக்காக எழுதப்பட்டது. கிருமிக்கு அது சரிதான். பிற்பாடு உலோகங்களையும் பார்க்க வேண்டும் என்று வந்தபோது, யாரோ ஒரு புத்திசாலி அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: மேற்படி முறை இதற்கும் பொருந்தும். கீழே கையெழுத்து. புத்திசாலி அப்போது உதவிப் பொறியாளர், இப்போது இயக்குநர். அந்த ஒரு வரியில்தான் வருஷத்துக்கு ஒன்றாகச் சேர்ந்த அவருடைய பத்தொன்பது விருதுக் கேடயங்களும் நின்றுகொண்டிருந்தன.

இயக்குநர் அறையில் அஞ்சு நிமிஷம் உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பாப்பாவின் காகிதங்களை மேஜைமேல் வைத்தார். குடியிருப்புக் குழாய்களை மாற்ற வேண்டும், அதுவரை எல்லா வீட்டுக்கும் சொல்லிவிட வேண்டும் என்றார். இயக்குநர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, நீண்ட அனுபவத்தில் விளைந்த ஒரு தத்துவத்தை எடுத்துரைத்தார். அதன் சாரம்: இந்த மாதிரி விதிப்படி எடுக்கப்படவில்லை. விதிப்படி எடுக்கப்படாத மாதிரி மாதிரியே அல்ல. மாதிரியே அல்லாத ஒன்றில் இருக்கும் காரீயம், வாரியத்தைப் பொறுத்தவரை, எங்குமே இல்லை.

"அது என் பொண்ணு ரத்தத்துல இருக்குங்க சார்."

"இருக்கலாம்ப்பா. ரத்தம் நம்ம டிபார்ட்மென்ட் இல்லையே."

அஞ்சு நிமிஷம் நகரவில்லை. இயக்குநர் குரலைத் தணித்து, நாளைக்கே இது வெளியே வந்தால் பத்தொன்பது வருஷச் சீட்டுகளையும் எடுப்பார்கள், ஒவ்வொன்றிலும் யார் கையெழுத்து இருக்கும் என்று கேட்டார். வேலை போனாலும் பரவாயில்லை, குழாயை மாற்றுங்கள் என்று அஞ்சு நிமிஷம் சொன்னார். இது இயக்குநர் எதிர்பார்க்காத பதில். மிரட்டினால் பயப்படாத ஊழியனை எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆகவே நியாயவானாக மாறினார்.

"சரி, மறுபரிசோதனை வச்சுடலாம். உன் வீட்டுலயே. நீயே எடு. உன்னவிட நேர்மையா எடுக்க இங்க யாரு இருக்கா? ஆனா விதிப்படி எடு."

மேற்பார்வைக்கு மைத்துனரை அனுப்பினார்கள். மனைவியின் சொந்தத் தம்பி. அதே குடியிருப்பில் தரைத்தளத்தில் இருப்பவன். வரும்போதே கைபேசியில் நிறுத்துக்கடிகாரத்தைத் தயார் செய்துகொண்டு வந்தான். சமையலறை வாசலில் மனைவி நின்றாள். அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு பாப்பா நின்றாள்.

அஞ்சு நிமிஷம் வலையைக் கழற்றினார், குழாயைத் திறந்தார், பாட்டிலை நீட்டினார்.

"அத்தான், இன்னும் நாலே முக்கால் நிமிஷம் இருக்கு" என்றான் மைத்துனன்.

"தெரியும் மச்சான்."

"தெரிஞ்சா எப்படி? ஓடட்டும்."

மனைவி தம்பியைப் பார்த்து, "டேய், நீ கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லு" என்றாள். "இவள பாரு. பாத்துட்டுத் திரும்பு."

மைத்துனன் பாப்பாவைப் பார்த்தான். தாய்மாமன்தானே, தூக்கி வளர்த்தவன்தானே. முகம் சுருங்கத்தான் செய்தது. ஆனால் திரும்பவில்லை. "அக்கா, அந்தாளு என்னைய வீடியோ எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கான்" என்றான். "நான் என்ன பண்ணட்டும். மொத்த குடியிருப்பும் இதத்தான குடிக்குது, எல்லாரும் நல்லாத்தான இருக்காங்க."

அஞ்சு நிமிஷம் பாட்டிலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். தண்ணீர் ஓடியது. இத்தனை வருஷத்தில் ஆயிரக்கணக்கான சமையலறைகளில் அவர் வேடிக்கை பார்த்த அதே தண்ணீர். இரவு முழுக்கக் குழாயில் நின்றது முதல் இரண்டு நிமிடத்திலேயே போய்விட்டது என்று அவருக்குத் தெரிந்தது. அது போவதை அவரால் பார்க்க முடிந்த மாதிரிகூட இருந்தது. மீதி மூன்று நிமிடம் நேர்மைக்காக ஓடியது. பிடித்தார். மூடியைச் சுண்டுவிரலில் இடுக்கியிருந்தார், பழக்கம். சீட்டு எழுதினார். எத்தனை நிமிடம் ஓடவிட்ட தண்ணீர் என்று எழுத அந்தச் சீட்டில் இடம் கிடையாது. கையெழுத்துப் போட்டார்.

காரீயம் இல்லை என்று முடிவு வந்தது. வாரியம் அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் குடியிருப்பின் நான்கு மாடிப் படிகளிலும் ஒட்டியது. வதந்திகளை நம்ப வேண்டாம் என்று ஒரு வரி. மாதிரி எடுத்தவர் கையெழுத்து என்று இன்னொரு வரி.

அன்று மாலையிலிருந்து அவர் ஒவ்வொரு கதவாகத் தட்டினார். காலையில் முதல் தண்ணீரைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள், ஓடவிட்டுப் பிடியுங்கள், குழந்தைகளுக்கு ரத்தம் பார்த்துவிடுங்கள் என்றார். கேட்டவர்கள் அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள், நாற்காலி போட்டார்கள், அனுதாபப்பட்டார்கள். பொண்ணுக்கு இப்படி ஆனதில் மனுஷனுக்குக் கொஞ்சம் கலங்கிவிட்டது என்று அவர் படியிறங்கும்போது பேசிக்கொண்டார்கள். இரண்டாவது மாடியில் வாரியத்தின் லாரி ஓட்டுநர் மட்டும் முகத்துக்கு நேராகக் கேட்டார்: "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. கையெழுத்துப் போட்ட கைய நம்பறதா, கதவத் தட்டற கைய நம்பறதா?"

அவர் அடுத்த கதவைத் தட்டப் போனார். அதற்கு ஒரு பதில் இருந்திருந்தால் அதை முப்பத்திரண்டு வீட்டிலும் சொல்லியிருப்பார்.

அடுத்த மாதம் வாரியத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. குடியிருப்பில் சிலர் குழாயைத் தேவையில்லாமல் திறந்துவிட்டுத் தண்ணீரை வீணாக்குவதாகத் தெரிகிறது. ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடவிடுபவர்களின் இணைப்பு துண்டிக்கப்படும். கடமையில் இருக்கும் மாதிரி சேகரிப்பாளருக்கு மட்டும் விலக்கு. ஆக, சட்டப்படி அந்தக் கட்டடத்தில் நல்ல தண்ணீர் குடிக்க உரிமையுள்ள ஒரே குடும்பம் அவருடையதுதான்.

அந்த உரிமையை அவர்கள் விடவில்லை. காலையில் மனைவி வாளிகளை வரிசையாக வைத்துக் குழாயைத் திறப்பாள்; ஐந்து நிமிடத் தண்ணீரில் தரை துடைப்பாள், துணி அலசுவாள். அதற்குப் பிறகுதான் ஒரு டம்ளர் பிடிப்பார்கள். டாக்டரம்மா எழுதிக்கொடுத்த இரும்புச் சத்து மருந்து நேரம் தவறாமல் போயிற்று. ஆறு மாதத்தில் எண் இருபத்தொன்று. இன்னும் ஆறு மாதத்தில் பன்னிரண்டு. பாப்பாவுக்கு வயிற்று வலி நின்றது. பசித்தது. ஒருநாள் சாப்பிடும்போது தன் வாத்து எங்கே என்று கேட்டாள். கேள்வி கேட்டுவிட்டாள் என்று அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று இருவரும் யார் குடும்பத்து மூளை என்று மறுபடி சண்டை போட்டார்கள். இந்த முறை இருவரும் தத்தம் குடும்பத்தது என்றார்கள்.

பன்னிரண்டு என்ற காகிதத்தோடு அவர் டாக்டரம்மாவிடம் போனார். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனார். இப்படியே இறங்கினால் அடுத்த வருஷம் மூன்றரைக்குக் கீழே வந்துவிடும், அப்போது பழைய மாதிரி ஆகிவிடுவாள் இல்லையா என்று கேட்டார்.

டாக்டரம்மா பேனாவை மூடினார்.

"ரத்தத்துல இருக்கறது குறையும். இன்னும் கெடுதல் ஆகாம நிறுத்திட்டீங்க. நல்ல காரியம்தான்."

"சரிங்க. அப்ப படிப்பு?"

"மூளைக்கு ஆனது ஆனதுதான். அது திரும்பி வராதுங்க."

அவர் தலையாட்டினார். காகிதத்தை மடித்துக்கொண்டே, அப்போ அந்த மருந்தை இரண்டு வேளையாகக் கொடுக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றார் டாக்டரம்மா.

பள்ளிக்கூடத்தில் பாப்பாவை மறுபடியும் ஒன்றாம் வகுப்பிலேயே வைத்தார்கள். கூட்டிப்போனது அவர்தான். டீச்சர் அவளை ஓரத்தில் ஒரு தனி பெஞ்சுக்கு அழைத்துப்போய் உட்காரவைத்தார். சொன்னது மனதில் நிற்காத பிள்ளைகளுக்கான பெஞ்சு.

அதில் ஏற்கெனவே நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான்கும் குடியிருப்புப் பிள்ளைகள்.